பழைய மஸில் கார் எஞ்சினைச் செர்பன்டைன் பெல்ட்டுக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அமெரிக்காவில் வெளிவந்த கமாரோ, ஷெவெல், மஸ்டாங், ஜிடிஓ, சார்ஜர் போன்ற கார்களின் வி8 எஞ்சின் முகப்பில் இரண்டு, மூன்று, சில வேளைகளில் நான்கு வி-பெல்ட்டுகள் ஓடும். அவற்றை அகற்றிவிட்டு செர்பன்டைன் எனப்படும் ஒரே அகலமான பெல்ட்டில், மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர், ஸ்டீயரிங் பம்ப் ஆகிய எல்லாத் துணைக் கருவிகளையும் இயக்கும் மாற்றத்தைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. உதாரணங்களில் பெரும்பாலானவை ஷெவர்லேயின் அளவில் சிறிய வி8 வகையான ஸ்மால் பிளாக் எஞ்சினைச் சார்ந்தவை. அதிகம் மாற்றப்படுவதும், மாற்றும்போது அதிகம் குழம்பவைப்பதும் அதுவே. ஒரு எச்சரிக்கை: இவை இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட கார்கள். ஆகவே இப்பக்கத்தில் 'ஓட்டுநர் பக்கம்' என்று வரும் இடமெல்லாம் காரின் இடப்பக்கம் என்றே கொள்ள வேண்டும். நம் ஊர்க் கார்களின் பழக்கத்தில் படித்தால் ஆல்டர்னேட்டர் எதிர்ப்பக்கம் போய்விடும்.

செர்பன்டைன் பெல்ட்டுக்கும் வி-பெல்ட்டுக்கும் அடிப்படையான வேறுபாடு என்ன?

வி-பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவில் இருக்கும். அது புல்லியின் ஒற்றைப் பள்ளத்துக்குள் இறுகி, இரண்டு பக்கச் சுவர்களையும் பற்றிக்கொண்டு ஓடுகிறது. தடிமனான பெல்ட் என்பதால் சிறிய புல்லியைச் சுற்றி வளையும்போது சூடேறும். முதுகுப் பக்கமாக வளைந்து ஓடவும் அதற்கு இயலாது. செர்பன்டைன் பெல்ட் தட்டையாகவும் மெலிதாகவும் இருக்கும், உட்பக்கத்தில் 3.56 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு வரிகள் நீளவாட்டில் ஓடும். கார்களில் ஆறு வரிப் பெல்ட்டே மிகுதி, கனமான வேலைக்கு எட்டு வரி. மெலிதாக இருப்பதால் இரு பக்கமும் வளையும்; வரியுள்ள பக்கத்தால் ஒரு புல்லியையும், வழவழப்பான முதுகால் இன்னொரு புல்லியையும் சுழற்ற முடியும். அதனால்தான் ஒரே பெல்ட் எஞ்சின் முகப்பு முழுவதையும் சுற்றி வந்து எல்லாக் கருவிகளையும் இயக்க முடிகிறது. இழுவிசையைச் சுருள்வில் கொண்ட டென்ஷனர் தானாகவே பார்த்துக்கொள்வதால், ஆல்டர்னேட்டரைக் கம்பியால் நெம்பிப் பிடித்தபடி போல்ட்டை முடுக்கும் வேலை இல்லை.

அமெரிக்கக் கார்களில் இந்த ஏற்பாடு பெருமளவில் 1979 ஆம் ஆண்டு மஸ்டாங்கில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1984 கார்வெட்டிலும், பின்னர் 1988 கமாரோவிலும் லாரிகளிலும் இதைக் கொண்டுவந்தது. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பது நல்லது. பழைய பாகங்களைத் தேடுவோருக்குப் பின்னால் இவை தேவைப்படும்.

இதை மாற்றுவதால் குதிரைத் திறன் கூடுமா?

கூடும் என்று நம்பிச் செலவழிக்க வேண்டாம். துணைக் கருவிகள் உண்ணும் சக்தி அக்கருவிகளைப் பொறுத்தது. பெல்ட்டின் பங்கு அதில் சிறியது. மாற்றத்துக்கு வேண்டிய பாகங்களின் தொகுப்பாக விற்கப்படும் கிட்களில் சில, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் புல்லியைச் சிறிதாக்கி, கருவிகளை மெதுவாகச் சுழற்றிச் சிறிதளவு சக்தியை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் அதன் விலையாக, நெரிசலில் நிற்கும்போது தண்ணீர் ஓட்டமும் மின்னுற்பத்தியும் குறைகின்றன. தெருவில் ஓடும் காருக்கு அது நட்டமான பேரம்.

உண்மையான பயன் வேறு. அதிக வேகச் சுற்றில் வி-பெல்ட் நழுவுவதும் பள்ளத்திலிருந்து எகிறி வெளியேறுவதும் பழைய வி8 உரிமையாளர்களுக்குப் பழகிப்போன தொல்லை. ஏசி, மின்விசிறி, மின்சார எரிபொருள் பம்ப், நல்ல ஒலிபெருக்கி என்று சேர்த்துக்கொண்டே போகும் காருக்கு 100 ஆம்பியருக்கு மேல் தரும் ஆல்டர்னேட்டர் வேண்டும். அந்தச் சுமையை ஒற்றை வி-பெல்ட்டால் நழுவாமல் சுழற்றுவது கடினம். ஏசி கம்ப்ரசர் இயங்கத் தொடங்கும் நொடியில் வரும் கீச்சொலியும் பெரும்பாலும் இந்த மாற்றத்தோடு போய்விடும். வெறும் வாட்டர் பம்ப்பும் பழைய 61 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் மட்டுமே உள்ள, ஏசி இல்லாத காருக்கு நல்ல வி-பெல்ட்டும் நேராக அமைந்த புல்லியும் போதுமானவை.

யார் இதைச் செய்யாமல் இருப்பது நல்லது?

தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சின் எண் காரின் அடையாள எண்ணோடு பொருந்தும் அசல் காரை வைத்திருப்பவர்கள். அத்தகைய காரின் விலையில் ஒரு பங்கு அதன் மாறாத தன்மைக்காகவே கொடுக்கப்படுகிறது. நடுவர் பார்க்கும் அசல் தன்மைப் போட்டிகளில் எஞ்சின் முகப்பு உடனே கண்ணில் படும். மாற்றியே தீர வேண்டுமென்றால், எதையும் வெட்டாமல், புதிதாகத் துளையிடாமல் பொருந்தும் கிட்டைத் தேர்ந்து, கழற்றிய பிராக்கெட், புல்லி, போல்ட் அனைத்தையும் எழுதிக் கட்டி ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள். 1960களின் அசல் பிராக்கெட்டுகள் தனியாகவே நல்ல விலைக்குப் போகின்றன.

கிட் வாங்குவதற்கு முன் என் எஞ்சினில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் வாட்டர் பம்ப்பின் நீளம். ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் 1968 வரை வந்த கார்களில் பொதுவாகக் குட்டைப் பம்ப்பும், 1969 முதல் நீளப் பம்ப்பும் இருந்தன. கார்வெட்டில் மட்டும் குட்டைப் பம்ப் அதன் பிறகும் தொடர்ந்தது. எஞ்சினோடு பொருந்தும் முகத்திலிருந்து புல்லி பொருந்தும் முகம் வரை அளந்தால் குட்டைப் பம்ப் ஏறத்தாழ 5.6 அங்குலமும் நீளப் பம்ப் ஏறத்தாழ 7 அங்குலமும் இருக்கும். இந்த மாற்றத்தோடு ஆல்டர்னேட்டரும் ஓட்டுநர் பக்கத்திலிருந்து பயணி பக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. காரின் ஆண்டை மட்டும் சொல்லிக் கிட் வாங்குவது ஆபத்தானது. ஐம்பது ஆண்டுகளில் எத்தனை கைகள் மாறியதோ, எந்தக் காரில் எந்த ஆண்டு எஞ்சின் உட்கார்ந்திருக்கிறதோ யார் கண்டது? அளவுகோலை எடுத்து அளந்துவிடுவதே சரி.

அடுத்து சிலிண்டர் ஹெட். 1969 முதல் வந்த ஹெட்களின் முன், பின் முகங்களில் பிராக்கெட் பொருத்துவதற்கான மரைத் துளைகள் உண்டு. அதற்கு முந்தைய ஹெட்கள் பெரும்பாலானவற்றில் அவை இல்லை. பல கிட்கள் அந்தத் துளைகளையே முதன்மைப் பிடிமானமாகக் கொண்டவை. துளையில்லாத ஹெட் என்றால், வாட்டர் பம்ப்பின் போல்ட்களிலேயே முழு அமைப்பையும் தாங்கும்படி வடிவமைத்த கிட்டைத் தேட வேண்டும், அப்படிப்பட்டவை கிடைக்கின்றன.

மூன்றாவது, பலர் மறந்துவிடும் இடம்: கிராங்க் தண்டின் முன்முனை. 283 எஞ்சின்கள் (இந்த எண்கள் கன அங்குலக் கொள்ளளவைக் குறிப்பவை) பலவற்றிலும் 327களில் சிலவற்றிலும் அந்த முனையில் மரைத் துளையே போடப்பட்டிருக்காது; கிராங்கின் அதிர்வைத் தணிக்கும் ஹார்மோனிக் பேலன்சர் இறுக்கமாக அடித்து ஏற்றப்பட்டு, பிடிப்பின் வலிமையிலேயே நிற்கும். நடுவில் போல்ட் கேட்கும் புல்லியை அங்கே பொருத்த இயலாது. எஞ்சின் காரில் இருக்கும்போதே கிராங்கைத் துளையிட்டு மரை போடுவதற்குரிய கருவிகள் உண்டு. எனினும் அது நிதானமும் அனுபவமும் கேட்கும் வேலை.

பேலன்சரைப் புதிதாக மாற்றுவதானால், எஞ்சின் எவ்வகையில் சமன்செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஷெவர்லேயில் 350, 396, 427 ஆகியவற்றின் முன்புறப் பேலன்சரில் ஈடுகட்டும் எடை இல்லை. ஸ்மால் பிளாக் 400, பிக் பிளாக் 454 ஆகியவற்றில் உண்டு. இதை மாற்றிப் போட்டால் எஞ்சின் அதிரும். பேரிங்குகள் அதற்கு விலை கொடுக்கும்.

'எதிர்ச்சுழற்சி' வாட்டர் பம்ப் என்கிறார்களே, அது எப்போது தேவை?

இம்மாற்றத்தில் நேரும் தோல்விகளில் பெரும்பங்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நேர்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுழலும். பெல்ட்டின் வரியுள்ள உட்பக்கம் எந்தப் புல்லியைத் தொடுகிறதோ அது கிராங்கின் திசையிலேயே சுழலும்; முதுகுப்பக்கம் தொடும் புல்லி எதிர்த்திசையில் சுழலும். வி-பெல்ட் காலத்தில் முதுகால் ஓட்டும் பேச்சே இல்லை என்பதால் வாட்டர் பம்ப்கள் எல்லாம் வலஞ்சுழியாகவே சுழன்றன. தொழிற்சாலையே செர்பன்டைன் பெல்ட்டைப் பொருத்தியபோது, எல்லாப் புல்லிகளையும் போதிய அளவு சுற்றிவர வேண்டிய கட்டாயத்தால், பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப் பெல்ட்டின் முதுகால் இயக்கப்பட்டது. 1984 முதல் 1991 வரையான கார்வெட், 1988 முதல் 1992 வரையான கமாரோ, 1979 முதல் 1993 வரையான 5.0 லிட்டர் மஸ்டாங் ஆகியவற்றில் பம்ப் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. உள்ளே உள்ள தண்ணீர்ச் சக்கரத்தின் இதழ்களும் அதற்கேற்ப எதிர்ப்பக்கமாக வளைக்கப்பட்டிருக்கும்.

தவறான பம்ப்பைப் போட்டால் தண்ணீர் பின்னோக்கி ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. மையவிலக்கு விசையால் இயங்கும் பம்ப் எத்திசையில் சுழன்றாலும் தண்ணீரை வெளிவாய் நோக்கியே தள்ளும். ஆனால் இதழ்கள் தவறான பக்கம் வளைந்திருப்பதால் தள்ளும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் குணமே பிழையை மறைத்தும் விடுகிறது. வீட்டு முற்றத்தில் சும்மா ஓடும்போது வெப்பமானி ஒழுங்காக நிற்கும். நெடுஞ்சாலையில் ஏற்றம் வரும்போதோ கோடைப் பகலில் ஏசியைப் போடும்போதோ மெல்ல ஏறத் தொடங்கும். உரிமையாளர் தெர்மோஸ்டாட்டை மாற்றுவார், பெரிய ரேடியேட்டர் வாங்குவார். பம்ப்பின் மேல் சந்தேகமே வராது, ஏனெனில் அது புதிய பம்ப் அல்லவா?

விசிறிக்கும் இதே கணக்குப் பொருந்தும். பம்ப்பின் முனையில் பூட்டிய பழைய விசிறி எதிர்த்திசையில் சுழன்றால், ரேடியேட்டர் வழியாகக் காற்றை உள்ளிழுப்பதற்குப் பதிலாக முன்னோக்கித் தள்ளும். எதிரே வரும் காற்றோடு சண்டை போடும். எதிர்ச்சுழற்சிக்குரிய விசிறியும் அதற்கான கிளட்சும் போட வேண்டும், அல்லது மின்விசிறிக்கு மாற வேண்டும்.

எனவே கிட்டின் பெல்ட் வரைபடத்தை எடுத்து, பம்ப் புல்லியைத் தொடுவது வரியா முதுகா என்று விரலால் தடம் பிடித்துப் பாருங்கள். சந்தையில் விற்கும் புதிய கிட்களில் பல, பழைய விசிறியையே வைத்துக்கொள்ள வசதியாக, வலஞ்சுழிப் பம்ப்பையே பயன்படுத்துகின்றன. விளம்பரத்தில் 'நிலையான சுழற்சி' என்று குறித்திருந்தால் அதன் பொருள் இதுதான்.

ஃபோர்டு 289, 302 எஞ்சின்களில் தனியாகக் கவனிக்க வேண்டியவை எவை?

வாட்டர் பம்ப்பின் உள்வாய். 1960களின் பம்ப்களில் கீழ் ரேடியேட்டர் குழாய் பயணி பக்கம் இணையும். 1970 முதல் அது ஓட்டுநர் பக்கம் வந்தது. பிற்காலப் பம்ப்பைப் பழைய காரில் போடும்போது ரேடியேட்டரின் வாயும் அப்பக்கம் இருக்க வேண்டும். கிராங்க் புல்லியைப் பிடிக்கும் போல்ட்கள் பழைய பேலன்சரில் மூன்று, பிந்தையதில் நான்கு.

இவற்றைவிட முக்கியமானது சமன் எடை. பழைய 289, 302 எஞ்சின்களின் பேலன்சர் 28 அவுன்ஸ் ஈடுகட்டும் எடைக் கணக்குக்கு உரியது. 1980களின் தொடக்கத்திலிருந்து 302 எஞ்சின் 50 அவுன்ஸ் கணக்குக்கு மாறியது. 5.0 மஸ்டாங்கின் முகப்பை அப்படியே கழற்றி வந்து, பேலன்சரையும் சேர்த்துப் பழைய 289இல் பூட்டினால் அது அழகாகப் பொருந்தும், பின்பு அதிர்ந்தே எஞ்சினைக் கெடுக்கும். நான்கு போல்ட் துளையும் 28 அவுன்ஸ் எடையும் கொண்ட பேலன்சர்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றையே வாங்க வேண்டும்.

எஞ்சினின் முன்முக மூடியான டைமிங் கவரையும் சேர்த்து மாற்றுவோர் இரண்டைப் பார்க்க வேண்டும்: எரிபொருள் ஊசித்தெளிப்பு முறை வந்த பிந்தைய கவரில் இயந்திர எரிபொருள் பம்ப்புக்கான இடமே இராது, பழைய எஞ்சினில் ஆயில் அளக்கும் குச்சி கவர் வழியாகவே இறங்குவதால், துளையில்லாத கவரைப் போட்டால் குச்சிக்கும் வழியில்லாமல் போகும். முகப்பில் இடம் குறைவான பழைய மஸ்டாங்குகளுக்கு, 1996 முதல் 2001 வரை வி8 எக்ஸ்ப்ளோரரில் வந்த குட்டையான முகப்பு அமைப்பைப் பலர் விரும்புகிறார்கள். அதன் பம்ப்பும் எதிர்ச்சுழற்சிதான்.

கிரைஸ்லர், போன்டியாக் எஞ்சின்களுக்கும் கிட் உண்டா?

உண்டு, தெரிவு குறைவு, விலை சற்று அதிகம். கிரைஸ்லர் ஸ்மால் பிளாக்கான 318, 340, 360 ஆகியவற்றுக்கு 1992 முதல் வந்த மேக்னம் எஞ்சினின் முகப்பை எடுத்து மாற்றுவோர் உண்டு, அதுவும் எதிர்ச்சுழற்சியே. போன்டியாக்கில் 1969இல் டைமிங் கவரும் வாட்டர் பம்ப்பும் மாறியதால், போல்ட்களை எண்ணிப் பார்த்து, 8 போல்ட் பம்ப்பா 11 போல்ட் பம்ப்பா என்று அறிந்த பிறகே வாங்க வேண்டும்.

புதிய கிட்டா, பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகங்களா?

பழைய பாகங்கள் மலிவு. தொழிற்சாலையின் பொறியாளர்கள் சோதித்த அமைப்பு. பெல்ட்டும் டென்ஷனரும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஸ்மால் பிளாக்குக்கு 1988 முதல் 1992 வரையான கமாரோவின் முகப்பும், 1980களின் கார்வெட்டின் அலுமினியப் பிராக்கெட்டுகளும் பலர் தேடுபவை. 1992இல் கார்வெட்டில் வந்த எல்டி1 எஞ்சினின் முகப்பை மட்டும் எடுக்க வேண்டாம். அதன் வாட்டர் பம்ப் பெல்ட்டாலன்றி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டால் இயங்குவது.

புதிய கிட்களை விண்டேஜ் ஏர், மார்ச் பெர்ஃபார்மன்ஸ், ஹோலி, பில்லெட் ஸ்பெஷாலிட்டீஸ் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. பம்ப், ஆல்டர்னேட்டர், கம்ப்ரசர், ஸ்டீயரிங் பம்ப், பெல்ட், டென்ஷனர் எல்லாம் அடங்கிய முழுக் கிட்டின் விலை சில ஆயிரம் டாலர்கள். பிராக்கெட்டும் புல்லியும் மட்டும் கொண்ட பாதிக் கிட் மலிவாகத் தோன்றும். மீதியைத் தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிடும்.

என் கருத்து இது: எந்த வழியில் போனாலும் முழு அமைப்பும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். ஒரு நிறுவனத்தின் பிராக்கெட், இன்னொன்றின் கிராங்க் புல்லி, மூன்றாவதன் ஆல்டர்னேட்டர் என்று சேர்த்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே தரமானதாக இருந்தும் பெல்ட் ஓடும் தளம் ஒன்றாக அமையாது. பளபளப்பைப் பார்த்துப் புல்லியை முதலில் வாங்குவோர் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். முதலில் பம்ப்பின் நீளமும் சுழற்சியும், பிறகு பிராக்கெட், புல்லி கடைசி.

புதிய ஆல்டர்னேட்டருக்குப் பழைய வயரிங் போதுமா?

போதாது. இந்த வேலையில் தீப்பிடிக்கும் அபாயம் உள்ள ஒரே இடம் இதுதான். 1960களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த டெல்கோ ஆல்டர்னேட்டர்கள் 37 முதல் 60 சொச்சம் ஆம்பியர் வரை தந்தவை. மின்னழுத்தச் சீராக்கி தனிப் பெட்டியாக வெளியே இருந்தது. கிட்டோடு வருபவை 100 முதல் 170 ஆம்பியர் வரை தருபவை. சீராக்கி உள்ளேயே அடங்கியவை. பேட்டரி இறங்கிக் கிடக்கும் நாளில் ஆல்டர்னேட்டர் தன் முழு ஆற்றலையும் அந்தப் பழைய மெல்லிய வயர் வழியாகத் தள்ளப் பார்க்கும். எனவே ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 6 அல்லது 4 கேஜ் வயரைப் புதிதாக இழுத்து, பேட்டரிப் பக்கத்தில் தகுந்த ஃபியூஸ் போட வேண்டும். எஞ்சினுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையிலான கிரவுண்ட் வயரும் அதே அளவுக்குத் தடிமனாக வேண்டும். வெளியே இருந்த பழைய சீராக்கியை இணைப்பிலிருந்து விலக்க வேண்டும்.

டாஷ்போர்டில் ஆம்பியர் மானி உள்ள கிரைஸ்லர் கார்களுக்கு இரட்டை எச்சரிக்கை: அவற்றில் மின்னேற்றம் முழுவதும் தீச்சுவர் இணைப்பான் வழியாக உள்ளே போய், மானியைக் கடந்து திரும்பி வருகிறது. பழைய ஆல்டர்னேட்டரோடேயே அந்த இணைப்பான் உருகிய கதைகள் ஏராளம். மானியைத் தவிர்த்து நேர்வழி போட்டு, வோல்ட் மானிக்கு மாறுவதே பாதுகாப்பு.

ஒற்றை வயர் ஆல்டர்னேட்டர் எளிமையானது. ஆனால் எஞ்சினைக் கிளப்பியபின் ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சுற்று ஏறினால்தான் மின்னேற்றத் தொடங்கும், எச்சரிக்கை விளக்கும் வேலை செய்யாது. மூன்று வயர் வகையையே நான் பரிந்துரைப்பேன்.

புல்லி விகிதத்தையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். கிராங்க் புல்லி 6.5 அங்குலம், ஆல்டர்னேட்டர் புல்லி 2.5 அங்குலம் என்றால் விகிதம் 2.6. எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் 1,820 சுற்றில் இருக்கும். எஞ்சின் 6,500ஐத் தொடும்போது அது 16,900இல் சுழலும். பல ஆல்டர்னேட்டர்களின் மேல்வரம்பு 18,000 அளவில் இருப்பதால் இது சரியான விகிதம். ஏழாயிரத்துக்கு மேல் எஞ்சினை விரட்டும் பழக்கம் உள்ளவர் ஆல்டர்னேட்டர் புல்லியைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ளட்டும்.

பவர் ஸ்டீயரிங்கும் ஏசியும் என்ன ஆகும்?

ஸ்டீயரிங் பம்ப்பில் இரண்டு பொருத்தங்கள் வேண்டும். பழைய ஸ்டீயரிங் பெட்டியின் அழுத்தக் குழாய் அங்குல அளவுக் கூம்பு இணைப்பு. பிற்காலப் பம்ப்கள் மெட்ரிக் ஓ-ரிங் இணைப்பு. இடையில் அடாப்டரோ புதிதாகச் செய்த குழாயோ தேவை. அழுத்தமும் பொருந்த வேண்டும்: ஜெனரல் மோட்டார்ஸ் பம்ப்பை, முன்சக்கர அமைப்பை மாற்றிப் பொருத்திய ஃபோர்டு வகை ரேக் ஸ்டீயரிங்கோடு இணைத்தால், ரேக்குக்கு அழுத்தம் மிகுந்து ஸ்டீயரிங் தொட்டதும் திரும்பும் அளவுக்கு இலகுவாகிவிடும். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை மாற்றினால் சரியாகும்.

ஏசியைப் பொறுத்தவரை, பழைய ஃப்ரிஜிடேர் ஏ6 கம்ப்ரசர் 15 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு உருளை. கிட்களில் வரும் சாண்டன் வகைக் கம்ப்ரசர் அதில் ஏறக்குறையப் பாதி எடைதான். அதோடு குழாய்கள், கண்டென்சர், ரிசீவர் டிரையர் ஆகியவையும் மாறும். பழைய ஆர்-12 வாயுவுக்குப் பதில் ஆர்-134ஏ நிரப்புவதால் எண்ணெய் வகையும் மாறும். பழைய வாயுவை வெளியே திறந்துவிடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்; உரிய சான்றிதழ் பெற்ற பணிமனையில் கொடுத்து உறிஞ்சி எடுத்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும்.

பொருத்தும்போது கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் எவை?

ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். இடம் கிடைப்பதோடு ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களும் தப்பும். ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் வாட்டர் பம்ப் போல்ட்களின் மரையில் சீலண்ட் தடவி, 30 அடி-பவுண்டு முறுக்கத்தில் இறுக்க வேண்டும். பிராக்கெட்டுகளை முதலில் தளர்வாகப் பூட்டி, எல்லா போல்ட்டும் மரையில் ஏறிய பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே முடுக்கிவிட்டால் மற்றவை கோணலாகவே நிற்கும்.

ஸ்மால் பிளாக் எஞ்சினின் பயணி பக்க முன்முகத்தில் உள்ள ஒரு போல்ட் துளை, உள்ளே எரிபொருள் பம்ப்பின் தள்ளுகோல் ஓடும் குழி வரை செல்கிறது. தொழிற்சாலையே அங்கே குட்டையான போல்ட்டைத்தான் போட்டது. பிராக்கெட்டின் தடிமனை ஈடுகட்ட நீளமான போல்ட்டை அங்கே செலுத்தினால், அது தள்ளுகோலை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடும். எஞ்சினைக் கிளப்பியதும் பம்ப்போ தள்ளுகோலோ கேமோ சேதமாகும். சில பிராக்கெட்டுகள் இயந்திர எரிபொருள் பம்ப் இருக்கும் இடத்தையே மறிப்பவை. அப்போது மின்சாரப் பம்ப்புக்கு மாறுவதைத் தவிர வழியில்லை, அதன் செலவையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வண்ணம் பூசுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் மூடி, எக்ஸாஸ்ட் ஹெடர், பானெட்டின் உள்விளிம்பு, மேல் ரேடியேட்டர் குழாய் ஆகியவற்றில் எது இடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பெல்ட் நேராக ஓடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

வாட்டர் பம்ப் புல்லியையோ கிராங்க் புல்லியையோ அடிப்படையாக வைத்து, நேரான சட்டத்தை மற்றப் புல்லிகளின் வரிகளோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். புல்லியின் வெளிவிளிம்பு ஒவ்வொன்றிலும் வேறு தடிமனில் இருக்கக்கூடும் என்பதால் விளிம்பை நம்பக் கூடாது. இரண்டு புல்லிகளுக்கு இடையே ஓர் அடி தூரத்துக்கு 1/16 அங்குலத்துக்கு மேல் விலகல் இருந்தால் சரிசெய்ய வேண்டும். மெல்லிய ஷிம் வாஷர்கள் பெரும்பாலும் போதும். புல்லி முன்பின்னாக விலகுவது ஒரு குறை, சாய்ந்து நிற்பது வேறொரு குறை; சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் இறுகாத அல்லது கோணலாக இறுகிய பிராக்கெட்.

பெல்ட்டை மாட்டியபின், ஒவ்வொரு புல்லியிலும் அது சரியான வரியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஒரே ஒரு வரி தள்ளி உட்கார்ந்த பெல்ட் முதல் சில நிமிடங்களிலேயே ஓரம் பிய்ந்துவிடும். பிறகு கிராங்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, எதுவும் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகு எஞ்சினைக் கிளப்பலாம்.

கிட்டோடு வந்த பெல்ட் பொருந்தவில்லை. சரியான நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

டென்ஷனரை அதன் நகர்வின் நடுப்பகுதியில் நிறுத்தி, பெல்ட் செல்ல வேண்டிய வழியிலேயே நீளாத கயிற்றைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பெல்ட்டின் மீது உள்ள எண்ணே நீளத்தைச் சொல்லும்: 6பிகே2340 என்றால் ஆறு வரி, 2,340 மில்லிமீட்டர். கயிற்றின் அளவுக்குச் சற்று முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று நீளங்களை மாட்டிப் பார்த்து, டென்ஷனரின் குறிமுள் அதன் வரம்புக் கோடுகளுக்கு நடுவே நிற்கும் பெல்ட்டை வைத்துக்கொள்வதே நடைமுறை. திருப்பிக் கொடுக்க இடமளிக்கும் கடையில் வாங்குங்கள்.

டென்ஷனர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கிராங்கை நோக்கி இழுபட்டு வரும் பக்கம் இறுக்கமானது. கிராங்கை விட்டு வெளியேறும் பக்கம் தளர்வானது. டென்ஷனர் தளர்வான பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இறுக்கமான பக்கத்தில் வைத்தால் சுமை ஏறும்போது சுருள்வில் பின்வாங்கி, வேண்டிய நேரத்தில் பெல்ட் நழுவும். ஆல்டர்னேட்டர் போன்ற சிறிய, கனமான சுமையுள்ள புல்லியை பெல்ட் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது சுற்றியிருக்க வேண்டும். குறைந்தால் எந்தக் கருவியையும் இயக்காமல் பெல்ட்டின் வழியை மட்டும் திருப்பும் ஓர் ஐட்லர் புல்லியைச் சேர்த்துச் சுற்றைக் கூட்ட வேண்டும்.

மாற்றிய பிறகு சத்தம் வருகிறது. காரணம் என்ன?

ஓடும் எஞ்சினில் பெல்ட்டின் வரிப்பக்கத்தின் மீது சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். கையும் சட்டையும் விலகி இருக்கட்டும். சிட்டுக்குருவி கத்துவது போன்ற விட்டுவிட்டு வரும் ஒலி தண்ணீர் பட்டதும் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லிகள் நேரில் இல்லை. நீண்ட கீச்சொலி தண்ணீர் பட்டதும் இன்னும் கூடினால் இழுவிசை போதவில்லை. பெல்ட் நீளம், டென்ஷனர், பெல்ட் புல்லியைச் சுற்றியிருக்கும் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். ஒலியை அடக்கும் பசைத் தெளிப்பான்களை வாங்க வேண்டாம். அவை தூசியைப் பிடித்துவைத்து வரிகளை நிரப்பும். சில நாட்களில் சத்தம் திரும்பும், பெல்ட்டும் வீணாகும்.

ஒரே பெல்ட் அறுந்துபோனால் எல்லாமே நின்றுவிடுமே?

ஆம். வி-பெல்ட்டுகளில் ஏசியின் பெல்ட் அறுந்தால் வியர்வையோடு வீடு சேரலாம். இங்கே தண்ணீர் ஓட்டமும் மின்னேற்றமும் ஸ்டீயரிங் உதவியும் ஒன்றாகப் போகும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் சரியாக நேராக்கிய அமைப்பில் பெல்ட் திடீரென அறுவது அரிது. பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள் வரிகளில் வெடிப்பு விட்டுத் தங்கள் முதுமையைக் காட்டின. இன்றைய இபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் எளிதில் வெடிப்பதில்லை. டயரைப் போல வரிகளின் இடைப்பள்ளம் மெல்லத் தேய்கிறது. ஆகவே கண்ணால் பார்த்து நல்லதென்று முடிவுகட்ட முடியாது. பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் சிறிய பிளாஸ்டிக் அளவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல் மட்டுமே ஓடும் காரில் தேய்மானத்தைவிட டென்ஷனர், ஐட்லர் பேரிங்குகளே முதலில் குரல் கொடுக்கும். பெல்ட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அவற்றைக் கையால் சுழற்றி, கரகரப்போ ஆட்டமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாற்றுப் பெல்ட்டும் டென்ஷனருக்கான நீளக் கைப்பிடிக் கருவியும் டிக்கியில் இருக்கட்டும். பெல்ட் போகும் வழியின் வரைபடத்தை ரேடியேட்டர் தாங்கியின் மேல் ஒட்டிவிடுங்கள், ஏனெனில் மாற்றியமைத்த காரின் பெல்ட் வழி எந்தப் பணிமனைக் கையேட்டிலும் இருக்காது.